ஒன்பதாவது படிக்கும் பையனுக்குக் காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி

திருமங்கலம் பக்கமிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வுத் தாளைக் கொடுக்கும்போது கணக்கு சார், குறைந்த மார்க்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுப்பி வாசித்திருக்கிறார். அதிலிருந்து பையன் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான், வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. பொங்கல் லீவு முடிந்ததும் தினமும் காலையில் வயிற்றுவலி. ஸ்கேன் வரைக்கும் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள். வீட்டுக்காரர் "நாங்க வாங்காத அடியா, திட்டா?" என்கிறார். பள்ளியிலோ ‘அன்பு வாரம்’ என்று அறிவித்து, சார்ட் ஒட்டி, பிரேயரில் உறுதிமொழி எடுக்க வைத்திருக்கிறார்கள். இதனாலெல்லாம் பிள்ளைகள் மனசு சரியாகுமா, பள்ளியில் போய் என்ன கேட்பது, பேசாமல் பள்ளியை மாற்றிவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

மதுரை மாவட்டத்துப் பள்ளிகளுக்குப் போய் வளரிளம் பிள்ளைகளோடு பேசுவதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வயிற்றுவலி. அது நடிப்பில்லை. பயம் கூடும்போது குடலின் அசைவு மாறும், வயிறு இறுகும், வலி நிஜமாகவே வரும். திங்கட்கிழமை அதிகமாக வந்து, சனி ஞாயிறில் சுத்தமாக இல்லாமல், ஸ்கூல் பஸ் போனபிறகு பத்து மணிக்கு இட்லி கேட்கிறான் என்றால் வலிக்கான காரணம் பள்ளியில் இருக்கிறது. டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு இன்னொரு ஸ்கேன், இன்னொரு ஆஸ்பத்திரி என்று அலைய வேண்டாம். அதே மாதிரி "வலி நின்றபிறகு போய்க்கலாம்" என்று வாரக்கணக்கில் வீட்டில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். போகாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் மறுநாள் போவதை இன்னும் கஷ்டமாக்கும். முழு நாள் முடியவில்லையா, மதியம் வரைக்கும் அனுப்புங்கள். கணக்கு பீரியட் எப்போது வருகிறது என்று டைம்டேபிளைப் பாருங்கள். அந்த ஒரு பீரியடுக்கு என்ன செய்யலாம் என்று வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் பாதிக் காலைகள் சரியாகிவிடும்.

அடுத்தது அன்பு வாரம். சார்ட்டும் உறுதிமொழியும் மட்டும் என்றால் திங்கட்கிழமை ஒட்டியது வெள்ளிக்கிழமை கிழிந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் பள்ளியில் பிள்ளையை நடத்தும் விதம் அவனுடைய மனநிலையை மாற்றுமா என்று கேட்டால், நிச்சயம் மாற்றும். இதற்கு வெளிநாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பீகாரில் நாலந்தா மாவட்டத்து அரசுப் பள்ளிகள் 74-இல் ஓர் ஆய்வு நடந்தது. 2018-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், உங்கள் மகன் வயதுதான். பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் பயிற்சி கொடுத்த உள்ளூர்க்காரர் ஒருவரைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். உளவியல் படித்தவர் இல்லை, சாதாரண ஆள். சுவர்ப் பத்திரிகை, பிள்ளைகள் எழுதிப் போட ஒரு பெட்டி, குழுப் பேச்சு, கேலியையும் அடிதடியையும் பற்றிப் பொதுவில் பேசுவது, தேவைப்பட்டால் தனியாக உட்கார்ந்து பேசுவது, இவ்வளவுதான் அவர் வேலை. இன்னொரு பகுதியில் அதே வேலையை அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியில் இந்த இரண்டும் இல்லை. ஒரு கல்வியாண்டு முடியும்போது வெளி ஆள் வேலை பார்த்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்திருந்தது, கேலி குறைந்திருந்தது, அடிதடி குறைந்திருந்தது. ‘இது என் பள்ளி, இங்கே என்னை மதிக்கிறார்கள்’ என்ற எண்ணம் கூடியிருந்தது. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளிலோ, இந்த இரண்டும் இல்லாத பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை.

இதைச் சொன்னால் ஆசிரியர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபிக்க ஒன்றுமில்லை. ஐந்து வகுப்பு, விடைத்தாள் திருத்தல், எமிஸ் பதிவு (மாணவர் விவரங்களை ஆன்லைனில் ஏற்றுவது), தேர்தல் வேலை என்று எல்லாவற்றுக்கும் மேல் இதையும் ஏற்றினால் எது முதலில் விழும்? பிள்ளை பக்கமிருந்து பார்த்தாலும் அப்படித்தான். காலையில் மார்க்கை வாசித்தவரிடமே மதியம் போய் "சார், எனக்கு ராத்திரி தூக்கம் வரல" என்று எந்தப் பதினாலு வயசுப் பையன் சொல்வான்? மார்க் போடாத, அடிக்காத, அப்பாவிடம் போட்டுக்கொடுக்காத பெரியவர் ஒருவர் பள்ளி வளாகத்துக்குள் இருக்க வேண்டும். நான் பார்த்த பல பள்ளிகளில் அந்த இடத்தைத் தானாக நிரப்பியவர் நூலகரோ, பி.இ.டி சாரோ, சத்துணவு அக்காவோதான். ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்காவிடம் கேட்டால் எந்தப் பிள்ளை நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று பெயரோடு சொல்வார். தலைமையாசிரியர் கேட்பதில்லை, அதுதான் குறை.

ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பள்ளிகளில் 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்விலும் (2015) இதே திசையில்தான் முடிவு வந்தது. ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்ததில் பெரிய பலனில்லை. பிள்ளைகளையே உட்கார வைத்து, நடித்துக் காட்டி, மனக்கஷ்டத்தைப் பற்றிப் பேச வைத்த பள்ளிகளில் தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இன்னொரு பக்கம், இங்கிலாந்தில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தியான வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது: பலன் இல்லை. மைக்செட்டோடு வந்து ஒரு மணி நேரம் கண்ணை மூட வைத்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும்.

அன்பு வாரத்தை நான் முழுக்கத் தள்ளவும் மாட்டேன். கனடாவின் வான்கூவரில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளை வாரத்துக்கு மூன்று முறை யாருக்காவது நல்லது செய்யச் சொன்னார்கள், நான்கு வாரத்துக்கு. இன்னொரு குழுவை வாரத்துக்கு மூன்று இடங்களைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு குழுவுக்கும் மகிழ்ச்சி கூடியது. ஆனால் உதவி செய்த பிள்ளைகளோடு சேர்ந்து வேலை செய்ய விரும்பிய சக மாணவர்கள் கூடுதலானார்கள். உங்கள் பள்ளியில் இதைச் செய்யலாம். உறுதிமொழியை விட்டுவிட்டு, லீவு போட்டவனுக்கு நோட்டு எழுதிக் கொடு, சாப்பிடும்போது தனியாக உட்கார்ந்திருப்பவன் பக்கத்தில் போய் உட்கார் என்று சின்னச் சின்னதாகச் சொல்லிச் செய்ய வைக்கலாம். யார் செய்தது என்று பரிசு மட்டும் கொடுக்கக்கூடாது. பரிசு வைத்தால் அதிலும் ரேங்க் வந்துவிடும்.

அப்புறம், பள்ளியில் அன்பு என்று நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஏற்பாடு சம்பந்தப்பட்டது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே காலையில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். தாமதமாக வருகிறவர்கள் பிரேயர் முடியும் வரை வெளியே வெயிலில் நிற்க வேண்டும், உள்ளே வந்ததும் கிரவுண்டை இரண்டு சுற்று ஓட வேண்டும். புதிதாக வந்த தலைமையாசிரியை கேட்டில் ஒரு நோட்டு வைத்தார். பெயர், வகுப்பு, எந்த ஊர், எந்த பஸ் என்று எழுதிவிட்டு நேராக வகுப்புக்குப் போ. அவ்வளவுதான். சில வாரங்களில் நோட்டைப் புரட்டினால் தினமும் தாமதமாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் ஒரே டவுன் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள். அந்த பஸ் நேரத்துக்கு வந்ததே இல்லை. மிச்சம் இருந்த ஒன்றிரண்டு பேரில் ஒருத்தி, அம்மா பூக்கட்டப் போனபிறகு தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறவள். பத்தாவது படிக்கிற பிள்ளை, வெளியே நின்றதால் முதல் பீரியட் கணக்கைப் பாதி வருஷம் இழந்திருக்கிறாள். தலைமையாசிரியை டெப்போவுக்குக் கடிதம் எழுதினார், அது பலித்ததா என்பது வேறு கதை. கிரவுண்டு ஓட்டம் நின்றது. அந்தப் பெண்ணுக்கு முதல் பீரியடை மாற்றிப் போட்டார்கள். அங்கே அன்பைப் பற்றி ஒரு சார்ட்டும் நான் பார்க்கவில்லை.

மார்க் வாசிப்பதும் இதே வகை. மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாட்டு அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. ஆனால் வகுப்பறைக்குள் அது நின்றபாடில்லை. பற்றாக்குறைக்கு, மே மாதம் ரிசல்ட் வந்தால் நம் ஊரில் காளவாசலில் ஆரம்பித்து ஒத்தக்கடை வரைக்கும் பிளக்ஸ். ‘செண்டம்’ வாங்கிய முகங்கள் மட்டும் அதில் இருக்கும். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஜஸ்ட் பாஸ் ஆனவனும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறான். தாளைக் கவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்? சொல்ல வேண்டியதைத் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதலாமே. ‘இரண்டாவது ஸ்டெப்பில் மைனஸ் விட்டுவிட்டாய்’ என்று எழுதினால் பையனுக்குக் கணக்கும் வரும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்துத்தான் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குமானது என்பதால் ஒன்பதாவது, பத்தாவதில் வாதம் வரும். ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலை தொடர்பான வழக்கில் கொடுத்த வழிகாட்டுதல்கள் எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். 100 அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். பணியாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பதும், எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவதும் கூடாது. உதவி எண்களைப் பார்வையில் படும்படி எழுதி வைக்க வேண்டும். நீங்கள் பள்ளிக்குப் போகும்போது இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எடுத்தவுடன் நீட்ட வேண்டாம்.

நம் பக்கத்தில் இதைப் பற்றிப் பேசிவிட்டுச் சாதியைப் பேசாமல் விட முடியாது. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்து பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று முடிவாகிற ஊர்கள் தென்மாவட்டங்களில் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அந்த மாணவரும் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்தவர்தான். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அறுப்பது சுலபம். வகுப்பில் பெஞ்சை யார் பிரித்துப் போடுகிறார்கள், உதவித்தொகைப் பட்டியலை யார் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கிறார்கள் என்று பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. அதைப் பார்க்காத பள்ளி அன்பைப் பற்றிப் பேசினால் பிள்ளைகளே சிரித்துக்கொள்வார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதற்கு வருகிறேன். அவர் அடி வாங்கித் தேறியது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த அடியால்தான் தேறினாரா? சாயங்காலம் இருட்டும்வரை தெருவில் விளையாட்டு, அழுதால் கூப்பிட்டு உட்கார வைக்க அப்பத்தா, கூடப் பள்ளிக்குப் போக அஞ்சாறு சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள். அடி விழுந்த முதுகைத் தடவ இத்தனை கை இருந்தது. உங்கள் மகனுக்கு ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன், அப்புறம் ஒரு போன். இன்னொன்றும் கேளுங்கள்: அவரோடு அடி வாங்கிய எல்லாரும் பத்தாவது முடித்தார்களா? உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்திலிருந்து அடிக்குப் பயந்து பள்ளியை விட்டுவிட்டு வடநாட்டு முறுக்கு கம்பெனிக்குப் போன பையன்கள் எத்தனை பேர் என்று அவர் வயசுக்காரர்களுக்குத் தெரியும். "நாங்க அடி வாங்கியும் நல்லாத்தான இருக்கோம்" என்று சொல்ல அவர்கள் இங்கே இல்லை. இதைச் சண்டையாகச் சொல்லாதீர்கள். அவரையே ஒரு நாள் பையனை வண்டியில் பள்ளிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். மார்க் பேச்சே கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அப்பாக்கள் எதிரே உட்கார்ந்து கேட்டால் வாயைத் திறக்காத பையன்கள் பின்சீட்டில் உட்கார்ந்து பேசுவார்கள்.

தூக்கத்தையும் பாருங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே பின்னால் தள்ளிப்போகும், அது சோம்பேறித்தனம் கிடையாது. டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வந்து, சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆகி, ஸ்பெஷல் கிளாஸுக்கு ஐந்தரைக்கு எழுந்தால் எந்த மனசும் நிற்காது. ஒரு டியூஷனை நிறுத்திப் பாருங்கள்.

இப்போது பள்ளியில் கேட்க வேண்டியது. கணக்கு சாரிடம் முதலில் போகாதீர்கள், வகுப்பாசிரியரிடம் போங்கள், பையன் இல்லாதபோது போங்கள். "சார் என் பையனை அவமானப்படுத்திட்டாரு" என்று ஆரம்பித்தால் அவர்கள் சாரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். "பொங்கலுக்கு அப்புறம் இத்தனை நாள் லீவு, டாக்டர் ஒண்ணுமில்லைங்கிறாரு, கணக்கு பீரியடுன்னாலே பயப்படுறான், என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள். இரண்டே காரியம் வாங்கிக்கொண்டு வந்தால் போதும்: தாளைத் தனியாகக் கொடுப்பது, நடுவில் ஒரு பெஞ்சில் அவனுக்குப் பிடித்த பையன் பக்கத்தில் இடம். பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பார்த்துவிட்டு வாருங்கள். பல பள்ளிகளில் அது தலைமையாசிரியர் அறை வாசலிலேயே தொங்கும், அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பார்க்க எந்தப் பிள்ளை அதில் சீட்டுப் போடும்? தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றச் சொல்லலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோராகவே இதை எழுப்பலாம். நான்கு அம்மாக்கள் சேர்ந்து போனால் இன்னும் நல்லது, உங்கள் மகன் பெயர் வெளியே வராது. ஒன்றும் நடக்கவில்லை, அடியும் திட்டும் தொடர்கிறது என்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 என்ற எண்கள் இருக்கின்றன.

இதுவரை சொன்னது பள்ளி செய்ய வேண்டியது. ஆனால் பள்ளி எவ்வளவு அன்பாக இருந்தாலும் மனச்சோர்வு நோய்க்கு அது மருந்தாகிவிடாது. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. 45 பேர் இருக்கும் வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டாலும் போகவில்லை, சாப்பாடும் தூக்கமும் மாறிவிட்டது, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறான், "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி" என்கிறான், ஆசையாக வைத்திருந்ததைத் தம்பிக்குத் தூக்கிக் கொடுக்கிறான் என்றால் காத்திருக்காதீர்கள். நேராகவே கேளுங்கள்: "செத்துப் போயிரலாம்னு தோணுதா சாமி?" கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். கேட்பதால் அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன. கேட்டால் பெரும்பாலும் பிள்ளைக்கு மூச்சு விட்டது போல்தான் இருக்கும். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் தோட்டத்துப் பூச்சிமருந்தையும் அன்றே அப்புறப்படுத்துங்கள். அன்றே மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், மனநலப் பிரிவு அங்கே இருக்கிறது. நடுராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் போடுங்கள், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பையனே பேசினாலும் சரி, நீங்கள் பேசினாலும் சரி.

கடைசியாகப் பள்ளியை மாற்றுவது. மாற்றவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அடி தொடர்கிறது, சாதி சொல்லித் தொந்தரவு, நான்கு முறை போயும் யாரும் காதில் வாங்கவில்லை என்றால் மாற்றுங்கள். மாற்றுவதென்றால் ஒன்பதாவது முடிந்து ஜூனில் மாற்றுவது சுலபம். பத்தாவதில் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போனபிறகு மாற்றினால் அலைச்சல்தான். ஆனால் முடிவெடுக்கும் முன் அவனைக் கேளுங்கள். உங்கள் கேள்வி முழுக்க சார் இருக்கிறார், அப்பா இருக்கிறார், ஸ்கேன் இருக்கிறது, அவன் என்ன சொல்கிறான் என்பது மட்டும் இல்லை. அங்கே அவனுக்கு ஒரு கூட்டாளி இருந்து, அவனை விட்டுப் பிரிவதுதான் கணக்கு சாரைவிடப் பெரிய கஷ்டம் என்று அவன் நினைத்தால், பி செக்ஷனில் வேறு சார் கணக்கு எடுக்கிறாரா, கூட்டாளியும் அங்கே வர முடியுமா என்று விசாரியுங்கள். தலைமையாசிரியர் மனசு வைத்தால் செக்ஷன் மாற்றம் ஒரு நாள் வேலை, அதற்கு டிசி வாங்க வேண்டியதில்லை.